பழைய ஆடியோ மிக்ஸரை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மைக் செட் கடைகளின் பரணில் கிடந்த, பல மைக்குகளின் ஒலியைக் கலந்து கொடுக்கும் பழைய அனலாக் மிக்ஸர்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தூக்குச்சட்டிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வெளியூரிலிருந்து ஆள் வந்து விலை கேட்கிறார்கள், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாடகத்துக்கும் உழைத்த இந்தப் பெட்டிக்கு மட்டும் கிலோ கணக்கில்தான் விலை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

மெக்கானிக்கான என் மேசைக்கு வந்த வரையில், "செத்துப்போச்சு" என்று ஒதுக்கியவற்றில் பெரும்பாலும் கோளாறு சின்னதுதான். ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு அப்புறம் வரும் 100 ஹெர்ட்ஸ் அலையை வடிகட்டும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் அடிக்கும். மூடியைத் திறந்தால் தலை உப்பியிருக்கும், சிலதில் அடியில் கசிந்து போர்டின் செம்புக் கோட்டைப் பச்சையாக அரித்திருக்கும். கழற்றித் துடைத்து, நெகட்டிவ் கோடு பார்த்துப் புதுசு வைத்தால் போதும். 85 டிகிரி வரை தாங்கும் கண்டென்சர் போடாமல் 105 டிகிரி தாங்குவதைப் போடுங்கள், நம் ஊர் பந்தல் வெக்கைக்கு அதுதான் நிற்கும். ஒலியைப் பெருக்கும் 4558, டிஎல்072 மாதிரி ஐசிக்கள் இன்றும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கின்றன. ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் ஃபேடர் கரகரத்தால் தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள், நாலு நாளில் தூசியை இழுத்துப் பிசினாகிவிடும். கான்டாக்ட் கிளீனர்தான் சரி. கார்பன் பாதையே தேய்ந்திருந்தால் மட்டும் அதே நீளம், அதே மதிப்பில் வேறு ஃபேடர் தேட வேண்டும், அதுதான் உண்மையில் கஷ்டமான வேலை.

புது டிஜிட்டல் மிக்ஸர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு சிப் போனால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள், பழையதில் ஒவ்வொரு சேனலும் கண்ணுக்குத் தெரியும் பாகங்களால் ஆனது, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த பையன் கற்றுக்கொள்ளலாம்.

கற்றுக்கொடுக்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. இத்தனைக்கும் சினிமாவும் ஆராய்ச்சியும் நம் ஊருக்குப் புதிதல்ல. ஏவி.எம். ஸ்டூடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன் 1940களில் இயங்கியது நம் தேவகோட்டை ரஸ்தாவில். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த சிக்ரி இங்கேதான் இருக்கிறது, மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆராய்ச்சி நிலையம். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஏன் காய்கிறது என்பதே மின்வேதியியல் பாடம்தானே! அழகப்பா பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ வருஷத்துக்கு ஒரு முறை, கோடை விடுமுறையில், பழைய மிக்ஸர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று நடத்தட்டும், சிக்ரியிலிருந்து ஒருவர் வந்து பேசட்டும், மூத்த மெக்கானிக்குகள் உட்கார்ந்து கைவேலை காட்டட்டும். கூப்பிட்டால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அதுவரை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷக்கணக்கில் கிடந்த மிக்ஸரை நேரே பிளக்கில் சொருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது மிக்ஸருக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி, போட்டுக் கரண்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட், மின்னிவிட்டு மங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். பவர் சப்ளை தனிப் பெட்டியாக இருந்தால் அதை மிக்ஸரோடு சேர்த்தே கட்டி வையுங்கள், அது தொலைந்தால் அந்தப் பல முள் கனெக்டருக்கு ஜோடி பிடிப்பது பெரும்பாடு.

இப்படிக்கு,
மைக் செட் மெக்கானிக் ஒருவர்,
காரைக்குடி.