ஒன்றியக்குழுவில் தொடங்கியவருக்கு: கரூர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய கரூர் நாடாளுமன்ற உறுப்பினர் செ. ஜோதிமணி அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினக் கிராம சபையும் முடிந்துவிட்டது. ஊராட்சித் தலைவர் இல்லாமல், வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் இந்த ஆண்டு நடந்த நான்காவது கிராம சபை இது. இதற்கு மேலும் பொறுத்திருக்க முடியாமல்தான் எழுதுகிறோம்.

உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 1996 அக்டோபரில் புதிய ஊராட்சிச் சட்டப்படி முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அந்தத் தேர்தலில்தான், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத நீங்கள் க.பரமத்தி ஒன்றியக்குழு உறுப்பினர் ஆனீர்கள். பத்து ஆண்டுகள் அங்கே இருந்தீர்கள். பிறகு 2011 சட்டமன்றத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் தோற்றீர்கள். 2019-இல் நான்கு லட்சத்துக்கும் மேலான வாக்கு வித்தியாசத்தில் மக்களவைக்குப் போனீர்கள். 2024-இல் மறுபடியும் வென்றீர்கள். அப்பன் பெயரும் பணமும் இல்லாத ஒரு கிராமத்துப் பெண் டெல்லி வரை போக, முதல் படியாக இருந்தது ஒன்றியக்குழு. அந்தப் படி இன்று இல்லை.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் 76,746 வார்டு உறுப்பினர்கள், 9,624 ஊராட்சித் தலைவர்கள், 5,090 ஒன்றியக்குழு உறுப்பினர்கள், 515 மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள் என 91,975 பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது. சரிபாதி பெண்களுக்கு. இந்த ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதியோடு எல்லோருடைய பதவிக்காலமும் முடிந்தது. அன்றிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு அதிகாரி நிர்வகிக்கும் தனி அலுவலர் ஆட்சி. தேர்தல் தேதியை அறிவிக்கச் சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

தலைவர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சென்னையில் இருப்பவர்கள் கேட்கலாம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மோட்டாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் வறண்டு ஓடும். மின்னழுத்தம் குறைந்தாலும், மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) கருகும். 600 அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாரை மேலே எடுக்க வேண்டுமென்றால், 20 அடிக்கு ஒன்றாக முப்பது ஜி.ஐ. குழாய்களை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் போட்டு, தூக்கி, கழற்ற வேண்டும். அது ஒரு நாள் வேலை. காயில் கட்ட இரண்டு நாள். மறுபடி இறக்கி, கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் புகாமல் டேப் சுற்றி ஓட்டிப் பார்க்க இன்னொரு நாள். ஆக நான்கு நாளில் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிவிட வேண்டும்.

தலைவர் இருந்தபோது அப்படித்தான் ஏறியது. டேங்க் ஆபரேட்டர் காலையில் சொன்னால் மதியமே ஆள் வந்துவிடும். பணம் பிறகு வரும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். தலைவரின் வாய்ச்சொல்லே போதும். இன்று ஆபரேட்டர் ஊராட்சிச் செயலரிடம் சொல்கிறார். செயலர் ஒன்றிய அலுவலகத்துக்குச் சொல்கிறார். மதிப்பீடு போட வேண்டும். பிறகு தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். முன்பணம் இல்லாமல் மெக்கானிக் குழாயில் கை வைப்பதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, பொறுப்பேற்று வாக்குக் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. அதுவரை பெண்கள்தான் குடத்தோடு தோட்டம் தோட்டமாக அலைகிறார்கள்.

வட்டார வளர்ச்சி அலுவலரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. மாநிலத்தின் 388 ஒன்றியங்களில் சுமார் 12,500 ஊராட்சிகள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32. கிராம சபை எல்லா ஊரிலும் ஒரே நாளில் கூட வேண்டும். ஒரே மனிதர் 32 ஊர்க் கூட்டத்தில் எப்படி உட்கார முடியும்? அவர் சார்பில் வருகிறவர் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். அடுத்த கூட்டத்தில் "போன தீர்மானம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

வார்டு மறுவரையறை முடியவில்லை, ஊராட்சிகளை நகரத்தோடு இணைக்கும் வேலை நடக்கிறது என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. மறுவரையறையைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. ஐந்தாண்டு எப்போது முடியும் என்பது பதவியேற்ற அன்றே தெரியும்தானே? 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது ஆண்டது வேறு கட்சி. அந்த இடைவெளியில், ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தரும் 14-ஆவது நிதிக்குழு மானியமும் நின்றது. அன்று அதைக் கண்டித்தவர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். உங்கள் கட்சி அவர்களின் கூட்டணியில் இருக்கிறது. கூட்டணிக்காக நீங்கள் பேசாமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க.

உங்களால் செய்யக்கூடியதையே கேட்கிறோம். மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்ட அளவிலான திஷா குழுவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரே தலைமை தாங்குகிறார். ஊராட்சித் தலைவர்களும் ஒன்றியக்குழுத் தலைவர்களும் உட்கார வேண்டிய குழு அது; அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். ஜனவரி 5-க்குப் பிறகு பழுதான மோட்டார்கள் எத்தனை, பழுதான நாள் எது, ஓடிய நாள் எது என்று ஊராட்சிவாரியாகப் பட்டியல் கேளுங்கள். குளிர்காலக் கூட்டத்தொடரில் பூஜ்ய நேரத்தில் 243-இ பற்றிப் பேசுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு எவ்வளவு மானியம் நிற்கிறது என்று பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, தேர்தல் தேதியை அறிவிக்கும்படி மாநில அரசுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் உங்கள் பெயரில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

மோட்டார் பட்டியலைக் க.பரமத்தி ஒன்றியத்திலிருந்தே தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கரூர் மாவட்டக் கிராம ஊராட்சி வாக்காளர்கள்