விழாவுக்குத் தலைமை தாங்கப் போகிறவனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடு. ஹெட்மாஸ்டர் அதிகாரத்தை டாக்டரிடம் காட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஏரி இந்த வருஷம் நிரம்பிக் கோடி போய்விட்டது, அதனால் ஊரில் சண்டை சச்சரவு குறைச்சல்.

தாலுகாவில் நல்ல காரியம் செய்த பிள்ளைகளைப் பாராட்டும் விழாவுக்கு உன்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறாய். காலம் பூராவும் ப்ரேயரில் நின்று பேசியவன் என்னிடம் கேட்கிறாய்! கேட்டதால் சொல்கிறேன். ‘இளைஞர்கள் நாளைய தூண்கள்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கே வேலையை முடித்துவிட்டு மேடைக்கு வருகிறார்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நம்ம செட்டுதான்.

நம்ம ஜில்லாவில் இப்படி விழா என்றால் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பெயரை யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சொல்லட்டும், தகும். பன்னிரண்டு வயதில் தெருவில் இஸ்திரிக்காரர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, இத்தனை வண்டியில் இத்தனை கரி எரிந்தால் என்னாகும் என்று கணக்குப் போட்ட பெண். கூரையில் சோலார் தகடு வைத்த இஸ்திரி வண்டியை வடிவமைத்தாள். ஐந்து மணி நேர வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். 2020-ல் ஸ்வீடனில் கொடுக்கும் குழந்தைகள் காலநிலைப் பரிசு, 2021-ல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று, அதே வருஷம் நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடை. அங்கே தலைவர்களை எதிரில் வைத்துக்கொண்டே, வெற்று வாக்குறுதிகளைக் கேட்டுக் கோபமும் சலிப்பும் வந்துவிட்டது என்று சொன்னாள். அவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலில்தான் சந்தேகம். திட்டினால்கூட தட்டுகிறார்களே!

ஆனால் நீ பேசுவதானால், சர்வதேசப் பரிசு வாங்கிய ஓம் பிரகாஷ் குர்ஜரைப் பற்றிப் பேசு. நான் வி.ஏ.ஓ.வாக இருந்தவன், எனக்கு அவன்தான் நெருக்கம். ராஜஸ்தான்காரன். தாத்தா வாங்கிய கடனுக்காக ஐந்து வயதிலேயே பண்ணையில் வேலைக்கு விடப்பட்டவன். சில வருஷம் கழித்து கைலாஷ் சத்யார்த்தி நடத்திய குழந்தைத் தொழிலாளர் மீட்பு இயக்கமான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் ஆட்கள் மீட்டு ஆசிரமத்தில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் 100 ரூபாய் கட்டணம் வசூலித்தபோது, படிப்பு இலவசம் என்றுதானே சட்டம் என்று கேட்டு மாஜிஸ்திரேட் வரை போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தான். நீ சர்வீசில் இருந்தபோது அப்படி ஒரு பையன் உன் பள்ளியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய காரியம் பிறப்புச் சான்றிதழ். ஊர் ஊராகப் பிரசாரம் செய்து 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாங்க வைத்தான். கேட்டால், ‘இதற்கா விருது?’ என்று யாருக்கும் தோன்றும். உனக்கு விளக்க வேண்டியதில்லை. நீயும் நானும் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள், சர்டிபிகேட்டில். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். உண்மையில் உன் அம்மா சொன்னது ஐப்பசி, அடைமழை. நமக்கு அது ரிட்டையர்மெண்ட் தேதியோடு போயிற்று. செங்கல் சூளையில் நிற்கிற பையனுக்கு அப்படி இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால், ‘பதினைந்து ஆச்சு சார், ஆள்தான் குள்ளம்’ என்பார்கள். மறுத்துச் சொல்லக் கையில் காகிதம் வேண்டும். கல்யாணமும் அப்படித்தான். பந்தல் போட்ட பிறகு போய்த் தடுத்தால், பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்து வாயையும் ஒரு சான்றிதழ் அடைத்துவிடும்.

வி.ஏ.ஓ. ஆபீஸில் நாங்கள் வைத்திருந்த பிறப்புப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறாயா? அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. பெயர் வைத்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று போவார்கள், பிள்ளை ஸ்கூலில் சேரும்போதுதான் ஞாபகம் வரும். பிறப்பையே பதியாதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 21 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டால் சுலபம். ஒரு வருஷம் தாண்டிவிட்டதோ, மேலதிகாரி உத்தரவு வேண்டும், அலைச்சல். கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவார்? படித்த ஆட்களே சலித்துக்கொள்கிற காரியத்தை விடலைப் பருவத்தில் ஒருவன் எடுத்து நடத்தினான் என்றால், அந்த விருது சரியான கைக்குத்தான் போயிருக்கிறது.

2006-ல் அவனுக்குக் கிடைத்தது சர்வதேசக் குழந்தைகள் அமைதிப் பரிசு. நெதர்லாந்தில் இருக்கிற கிட்ஸ்ரைட்ஸ் அமைப்பு கொடுப்பது. அதற்கு முந்தைய வருஷம், முதல் பரிசு, தென்னாப்பிரிக்காவின் என்கோசி ஜான்சனுக்கு. பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த பிள்ளை. ஆரம்பப் பள்ளியில் சேர்க்கத் தயங்கியபோது அது நாடே பேசும் விவகாரமாயிற்று. 2000-ல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் பேசினான், அடுத்த ஆண்டு பன்னிரண்டு வயதில் போய்விட்டான். பரிசைக் கையில் வாங்க அவன் இல்லை.

மேடையில் வைத்துக் காட்ட ஒரு பொருள் இருந்தால் பாராட்டு சீக்கிரம் வரும். வண்டி, செயலி, கருவி எல்லாம் படம் பிடிக்க வசதி. பேசிப் பேசி மனதை மாற்றிய வேலைக்கு என்ன படம்? அதே ராஜஸ்தானில் ஹின்ஸ்லா கிராமத்துப் பாயல் ஜாங்கிடுக்குப் பதினோரு வயதில் கல்யாணம் பேசினார்கள். மாட்டேன் என்று நின்று அதை நிறுத்தினாள். நிறுத்தியதோடு விடாமல், பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் குழந்தைகள் பஞ்சாயத்துக்குத் தலைவியாகி, வீடு வீடாகப் போய்ப் பேசினாள்: குழந்தைக் கல்யாணம் வேண்டாம், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள், முக்காட்டை விடுங்கள். முக்காட்டை எடுக்கச் சொல்லி ஒரு சின்னப் பெண் மாமியார்களிடம் பேசியிருக்கிறாள், யோசித்துப் பார்! 2019-ல் நியூயார்க்கில் கேட்ஸ் அறக்கட்டளையின் சேஞ்ச்மேக்கர் விருது வாங்கியபோது அவளுக்கு வயது 17.

ஆகையால் உன் பட்டியலை ஒரு தடவை பார். மரம் நட்ட பையன், ரோபோ செய்த பெண், அவர்களெல்லாம் இருக்கட்டும். சின்ன வயதுத் தோழிக்குக் கல்யாணம் என்று தெரிந்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்ட பிள்ளை உன் தாலுகாவில் கட்டாயம் இருக்கும். அவளை மேடையில் ஏற்றலாமா என்று அவளிடமே முதலில் கேள். ஊரில் பகை வரும், வீட்டில் அடி விழும். சம்மதம் இல்லாமல் பெயரை மைக்கில் சொல்லிவிடாதே. சம்மதித்தால், மாநில அரசு ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தை நாளையொட்டிக் கொடுக்கிற விருதுக்கும் எழுதிப் போடு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

இன்னொன்று. பொன்னாடை வேண்டாம் என்று கமிட்டியிடம் சொல்லிப் பார். முக்கியப் பிரமுகர்களுக்குப் போர்த்தி முடிப்பதற்குள் பிள்ளைகள் பசியில் வாடிவிடும். ஆளுக்கு ஐந்து நிமிடம் அவர்களே பேசட்டும், பிரமுகர்கள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். கமிட்டி ஒத்துக்கொள்ளாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் தலைமை நீதானே, கொஞ்சம் கெத்துக் காட்டு.

தேதி முடிவானதும் எழுது, நானும் வருகிறேன். ராத்திரி உன் வீட்டில்தான் தங்கல். தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை, காரம் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல். டாக்டர் என்னையும் விட்டுவைக்கவில்லை. பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிந்தாயிற்றா?

உன்,
பழைய ஹாஸ்டல் தோழன்