ஒன்பதாம் வகுப்புப் பட்டிமன்றம் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் நடந்த பட்டிமன்றம் பற்றி இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் பள்ளி வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "காலாண்டுத் தேர்வு வருது. அடிமை வியாபாரத்துக்கு எந்த நாடு மன்னிப்புக் கேட்டா நம்ம பிள்ளைங்களுக்கு என்ன சார்?" நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

முன்னோர் செய்த கொடுமைக்கு இன்றைய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பது தலைப்பு. முதலில் கைதட்டல் வாங்கியது வேண்டாம் என்ற அணிதான். தாத்தா செய்த தப்புக்குப் பேரன் தோப்புக்கரணம் போடுவதா என்று ஒரு மாணவி கேட்டதும் வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அடுத்து வந்த மாணவன் பிரிட்டனின் கணக்கை எடுத்தான். 1833-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுன் நட்டஈடு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அது போனது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அதோடு, 'தொழில் பழகுநர்' என்று பெயரை மாற்றி, 1838 வரை பழைய எஜமானர்களிடமே வாரத்தின் பெரும்பகுதி கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். நட்டஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு முழுவதும் அடைத்து முடித்தது 2015-ல்தான். "கடன் மட்டும் பேரன் காலம் வரைக்கும் வரும், தப்பு மட்டும் தாத்தாவோட போயிடுமா?" என்றான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

என் கட்சியும் அதுதான். ஆட்கள் மாறலாம், அரசு தொடர்கிறது. பழைய ஒப்பந்தத்தை மதிக்கிறது, பழைய கடனுக்கு வட்டி கட்டுகிறது, பழைய வெற்றிக்கு விழா எடுக்கிறது. பழைய கொடுமை வரும்போது மட்டும் "அது நாங்கள் இல்லை" என்றால் எப்படி?

சரி, எப்படிக் கேட்பது? அமெரிக்க செனட் 2009-ல் அடிமை முறைக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. இதை வைத்து யாரும் அரசிடம் எதையும் கோர முடியாது என்று அதே தீர்மானத்தில் ஒரு வரியும் சேர்த்துக்கொண்டது. அதைப் படித்தபோது வகுப்பில் எழுந்த முணுமுணுப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நெதர்லாந்து நமக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. முதலில் மறுத்துவந்த பிரதமர் மார்க் ருட்டே, 2022 டிசம்பர் 19 அன்று அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் கேட்டார். டச்சுக்காரர்கள் கப்பலேற்றிய ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களோடு ருட்டே நிறுத்திக்கொள்ளவில்லை. ஆசியாவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் வாங்கி விற்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களையும் குறிப்பிட்டார்.

அந்த லட்சங்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. 1658-ல் ஒல்லாந்தர், அதாவது நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள், போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டின. சோற்றுக்கு வழியில்லாத ஆயிரக்கணக்கானோர் விலைக்கு வாங்கப்பட்டு, இதே நாகைத் துறையிலிருந்து இலங்கைக்கும், இன்று ஜகார்த்தாவாக இருக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். நாம் மீன் வாங்கப் போகிற அதே கடற்கரைதான்.

இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வாங்கினது அவங்க, வித்தது யாரு சார்?"

மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்துக் கொடுத்ததில் நம் தரகர்களுக்குப் பங்கு உண்டு. அதற்கும் முன்பே, 1201-ல், பஞ்சம் தாங்காமல் ஒருவர் தன் இரண்டு மகள்களோடு தன்னையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. பண்ணையாள் முறையையோ உங்களில் பலருடைய அப்பா அம்மாவே கண்ணால் பார்த்திருப்பார்கள். ஒல்லாந்தர் பாவம் இதனால் குறையாது: கப்பலும் அவர்களுடையது, லாபமும் அவர்களுடையது. ஆனால் பண்ணையாளின் பேரப்பிள்ளையும் பண்ணையாரின் பேரப்பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளி இது. அங்கே நின்றுகொண்டு ஐரோப்பாவைப் பார்த்து மட்டும் கை நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் வரும் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பை நாகையில் உள்ள டச்சுக் கல்லறைக்கு அழைத்துப் போகிறோம். காலை 8 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பி, மதியம் 1 மணிக்குள் திரும்பிவிடுவோம். கட்டணம் இல்லை. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்து அனுப்புங்கள். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். தேர்வுக்கான பாடங்கள் முடிந்துவிட்டன, கவலை வேண்டாம்.

அப்புறம், கடைசி பெஞ்சுக் கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதலாம். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்