சஃபாரி முதலில், ஒயின் பிறகு

ஆசிரியருக்கு, வணக்கம்.

வேலூர், காட்பாடிப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்க சஃபாரிக்குப் போகிறவர்கள் ஒயின் சுவைக்கவும் ஒரு நாள் ஒதுக்க நினைத்தால், க்ரூகர் காடு முதலில், கேப் பகுதியின் ஒயின் ஊரான ஸ்டெல்லன்போஷ் பிறகு என்று வையுங்கள். காட்டு விடுதிகளுக்குப் போகும் சிறு விமானங்களில் எடைக் கட்டுப்பாடு கடுமை, புட்டிகளுக்கு இடமிராது. விலங்கு நன்றாகத் தெரியும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கேப் பகுதியில் மழையும் குளிரும். திராட்சைக் கொடிகள் இலையுதிர்ந்து நிற்கும். அறுவடை பார்க்க பிப்ரவரி, மார்ச்தான்.

வெறும் வயிற்றில் ஐந்தாறு வகை சுவைக்காதீர்கள். சுவைத்த ஒயினைப் பாத்திரத்தில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல. கார் ஓட்டுபவர் தொடவே கூடாது. இந்தியாவுக்குள் வரியின்றி 2 லிட்டர்தான். 750 மில்லி புட்டி இரண்டு. முக்கியமாக, க்ரூகர் மலேரியாப் பகுதி. காட்டைவிட்டு வந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை தொடருங்கள்.

பயண ஏற்பாட்டாளர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.