டிசைன் ரூம் லைசென்ஸை நெட்வொர்க்குக்கு மாத்துங்க: எங்க மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எம்.டி. சார் அவங்களுக்கும் மேனேஜ்மென்ட்ல இருக்கற எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன வாரம் ரிவ்யூ மீட்டிங் முடிஞ்சு, டெலிவரி தள்ளிப் போனதுக்கு டிசைன் டிபார்ட்மென்ட்தான் காரணம்னு மினிட்ஸ்ல எழுதி எல்லாருக்கும் மெயில் போட்டீங்க. அத படிச்சுட்டு சும்மா இருக்க முடியலீங்க, அதான் எழுதறேன். நாங்க டிசைன் பண்ற சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் பத்தலைங்கற பிரச்சனை உங்களுக்குத் தெரியாதது இல்ல, நாங்க கேக்காததும் இல்ல. ஆனா அந்த மினிட்ஸ்ல லைசென்ஸ்ங்கற வார்த்தையே வரல.

அன்னைக்கு நடந்தத அப்படியே சொல்றேன். பம்ப் கேசிங் (பம்போட வெளிக்கூடு) ஹைட்ரோ டெஸ்ட்ல, அதாவது தண்ணி பிரஷர் குடுத்துப் பாக்கற சோதனைல, ரிப்புங்கற தாங்கு பட்டை பக்கத்துல விரிசல் விட்டுடுச்சு. ரிப் தடிமன ஏத்தி, அதுல ஸ்ட்ரெஸ் எவ்வளவு வருதுன்னு ரிப்போர்ட் குடுத்தாத்தான் அடுத்த காஸ்ட்டிங்னு கஸ்டமர் சொல்லிட்டாங்க. மாடல் மாத்தறதுக்கு அரை மணி நேரம் கூட ஆகல. ஆனா அந்த ஸ்ட்ரெஸ் கணக்குப் போடற அனாலிசிஸ் ஓட்டணும்னா சாலிட்வொர்க்ஸ்லயே பிரீமியம்ங்கற பெரிய லைசென்ஸ் வேணும், அது நம்ம ஆபீஸ்ல ஒரே ஒரு சீட் (சீட்னா ஒரு ஆளுக்கான லைசென்ஸ்), அதுவும் மேனேஜர் கேபின் சிஸ்டத்துல ஆக்டிவேட் ஆகி உக்காந்திருக்கு. அவர் கஸ்டமர் விசிட்டுக்கு வெளியூர் போயிருந்தாரு, கேபின் பூட்டு. சாவி தேடி எடுத்து உள்ள போனா சிஸ்டம் பாஸ்வேர்ட் கேக்குது, போன் போட்டா அவர் ட்ரெயின்ல இருக்காரு, சிக்னல் இல்ல. லைசென்ஸ மட்டும் கழட்டி வேற சிஸ்டத்துல போட்டுக்கலாமேன்னு பாத்தா, டீஆக்டிவேட் பண்றதுக்கும் அதே சிஸ்டத்துக்கு உள்ள போயாகணும். கிணத்துல தண்ணி நெறைய இருக்கு, வாளிய உள்ள வச்சு பூட்டிட்டாங்க, அந்த கததான்.

காஸ்ட்டிங்குக்கு அச்சு மாதிரி செய்யற பேட்டர்ன் ஷாப்ல இருந்து அண்ணன் ஒருத்தரு டிராயிங் ரிலீஸ் ஆச்சான்னு வந்து கேட்டுட்டு, ஆகலைன்னதும் டிசைன் ரூம் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாரு. அவர் மேல கோவமில்லீங்க, அவருக்கு ஃபவுண்டரில இருந்து பிரஷர். எங்க டீம்ல அந்த வேலைய எடுத்திருந்த பொண்ணு வேலைல சேந்து இன்னும் ஒரு வருஷம் கூட ஆகல, அவதான் அவருக்கும் பதில் சொல்லி, கஸ்டமருக்கும் பதில் சொல்லி, கடைசில பாஸ்வேர்ட் கெடைச்சு ராத்திரி உக்காந்து மெஷ் போட்டு (மாடல கணக்குக்காக சின்னச் சின்னத் துண்டா பிரிச்சு) ரன் குடுத்து ரிப்போர்ட்ட அனுப்பிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனா. அந்த ரிப்போர்ட் கஸ்டமர்கிட்ட ஒரே தடவைல அப்ரூவ் ஆச்சு. மினிட்ஸ்ல அதுவும் வரல சார்.

நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இப்ப சிஸ்டத்துக்கு சிஸ்டம் ஒட்டிக்கிட்டு இருக்கற ஸ்டாண்டலோன் லைசென்ஸ் எல்லாத்தையும் நெட்வொர்க் லைசென்ஸா மாத்திக் குடுங்க.

நம்ம டீம்ல 14 பேரு, சீட் 8. எல்லாரும் நாள் முழுக்க மாடலிங் பண்றதில்லீங்க, ஒருத்தர் பி.ஓ.எம்.ங்கற பார்ட்ஸ் பட்டியல் போட்டுக்கிட்டிருப்பாரு, ஒருத்தர் ஷாப் ஃப்ளோர்ல நிப்பாரு, ஒருத்தர் சப்ளையர்கிட்ட போன்ல இருப்பாரு. எப்ப வந்து பாத்தாலும் ரெண்டு மூணு சிஸ்டத்துல சீட் சும்மா கெடக்கும், அதே நேரத்துல பக்கத்து டேபிள்ல ஒருத்தன் லைசென்ஸ் இல்லாம கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். நெட்வொர்க்னா லைசென்ஸ் எல்லாம் ஒரு சர்வர்ல இருக்கும், யாரு சாஃப்ட்வேர தொறக்கறாங்களோ அவங்களுக்கு ஒரு சீட் போகும், மூடினா திரும்ப பொதுவுக்கு வந்துடும். பிரீமியமும் அப்படித்தான், அனாலிசிஸ் வேணுங்கற அன்னைக்கு யாரு வேணாலும் எடுத்துக்கலாம், எந்தக் கேபின் சாவியும் வேண்டாம். மேனேஜர் சார் வெளியூர் போனா லேப்டாப்புக்கு ஒரு சீட்ட கடனா எடுத்துட்டுப் போகலாம், 30 நாள் வரைக்கும் விடுவாங்க, நெட் கூட வேண்டியதில்ல.

சர்வர் படுத்தா எல்லாருக்கும் வேலை நிக்குமேன்னு போன தடவ ஐ.டி.ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதுக்கு பெரிய சர்வரெல்லாம் தேவையில்ல, யு.பி.எஸ்.ல எப்பவும் ஆன்ல இருக்கற ஒரு சாதா சிஸ்டம் போதும். 25734, 25735ன்னு ரெண்டு போர்ட்ட ஃபயர்வால்ல தொறந்து விடணும், சீட்ட பிரிச்சுக் குடுக்கற லைசென்ஸ் மேனேஜர் சாஃப்ட்வேரோட வெர்ஷன் நம்ம சிஸ்டத்துல இருக்கற வெர்ஷனுக்கு சமமாவோ புதுசாவோ இருக்கணும், அவ்வளவுதான். இப்ப மட்டும் என்ன வாழுது, வோல்டேஜ் ஏறி சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்கற எஸ்.எம்.பி.எஸ். போய், கூடவே ஹார்ட் டிஸ்க்கும் போன அந்த சிஸ்டத்து லைசென்ஸ டீஆக்டிவேட் பண்ண வழியில்லாம, ரீசெட் பண்ணிக் குடுங்கன்னு டீலருக்கு மெயில் போட்டுட்டு ஒருத்தர் நாள்கணக்கா உக்காந்திருந்தாரே. சீரியல் நம்பர் 9000ன்னு ஆரம்பிச்சா ஸ்டாண்டலோன், 9010ன்னா நெட்வொர்க். டீலர்கிட்ட பேசி கன்வெர்ஷன் கட்டணத்தக் கட்டி அந்த நம்பர மாத்தி வாங்கற வேலை இது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். லைசென்ஸ் பத்தலைன்னு கேட்டப்ப, அதுவரைக்கும் கிராக் போட்டு (லைசென்ஸ் இல்லாம திருட்டுத்தனமா தொறந்து) ஓட்டிக்கோங்கன்னு வாய்மொழியா எங்களுக்கு பதில் வந்துச்சு. மெயில்ல வரல, வராதுன்னும் தெரியும். 1957 காப்பிரைட் சட்டத்துல 63பி பிரிவு என்ன சொல்லுதுன்னா, திருட்டு சாஃப்ட்வேர்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல யூஸ் பண்றவங்களுக்கு 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். யூஸ் பண்றவங்கன்னா அந்த சீட்ல உக்காந்திருக்கற நாங்க. வீட்டுக்கு சம்பளத்த எதிர்பாத்துக்கிட்டிருக்கற பசங்ககிட்ட இப்படி சொல்லலாமா சார்? நாங்க போடல, போடவும் மாட்டோம்.

உலோகத்த வெட்டிச் செதுக்கற புது வி.எம்.சி. மெஷினுக்கு பூஜை போட்டப்ப நாங்களும்தான் சந்தோஷமா வந்து நின்னோம். மெஷின் வாங்கினது தப்புன்னு யாரும் சொல்லல. ஆனா அந்த மெஷினுக்குப் போற ஒவ்வொரு மாடலும் டிசைன் ரூம்ல இருந்துதான் வரணும். ஷாப் ஃப்ளோர்ல ஒரு டூல் உடைஞ்சா அன்னைக்கே பர்ச்சேஸ் ஓடறாங்க, இங்க ஒரு சீட் இல்லைன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு ஒரு வரி வருது. அட்ஜஸ்ட் பண்ணி பண்ணித்தான் எங்க ஆளுங்க ராத்திரி உக்காந்துட்டு இருக்காங்க, அதுக்கு ஓவர்டைமும் கெடையாது, கடைசில லேட்டுக்கு காரணமும் நாங்கதான்னா மனசு வலிக்குதுங்க சார்.

கொஞ்சம் கோவமா எழுதிட்டேன், மரியாதைக் குறைவா எதுவும் நெனைச்சு எழுதல. வர்ற மாசம் சப்ஸ்கிரிப்ஷன் ரினியூவல் வருது, டீலர்கிட்ட பேசறதுக்கு இதவிட நல்ல நேரம் இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடவும் கூடாது, ஏன்னா ஆட்டோகேட் கம்பெனிக்காரங்க 2020 ஆகஸ்ட்ல இருந்து புதுசா நெட்வொர்க் லைசென்ஸ் விக்கறதையே நிறுத்திட்டு ஆள் பேர்லதான் குடுக்கறாங்க. நம்ம சாஃப்ட்வேர்ல இன்னைக்கு அந்த வழி இருக்கு. 8 சீட்டையும் ஒரே நேரத்துல மாத்த முடியாதுன்னா பிரீமியம் சீட்டையாவது முதல்ல நெட்வொர்க்குக்கு மாத்துங்க, மீதிய அடுத்த ரினியூவலுக்குள்ள முடிச்சுக் குடுங்க. சர்வர பாத்துக்கற வேலைய ஐ.டி.யோட சேந்து நாங்களே எடுத்துக்கறோம்.

ரினியூவல் பில்லுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எங்க டீம்ல ரெண்டு பேரயும் டீலரயும் ஐ.டி.யையும் கூப்பிட்டு வச்சு ஒரு அரை மணி நேரம் பேசுங்க சார். அந்த மினிட்ஸையும் திருத்தி அனுப்பச் சொல்லுங்க. பணிவா கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
டிசைன் டிபார்ட்மென்ட்ல இருந்து ஒரு இன்ஜினியர்,
கோயம்புத்தூர்