பொருள்: உப்பளவு மீட்டர் தவறாகக் காட்டி என் நட்சத்திர மீன்கள் இறந்தது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து வாரமாக ஃபோன், மெயில், நேரில் என்று அலைந்து ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். புகார் எண்ணை மூன்று முறை மாற்றிவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல இனி என்னால் முடியாது.

பிப்ரவரியில் 6,800 ரூபாய் கொடுத்து உங்கள் டிஜிட்டல் உப்பளவு மீட்டரை வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. கொளத்தூரில் என் வீட்டில் மூன்று வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஆயிரம் பங்கு தண்ணீருக்கு உப்பு சுமார் 35 பங்கு இருக்க வேண்டும். மே மாதம் மீட்டர் திடீரென்று 41 காட்டியது. வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிட்டது என்று நம்பி, அது 35க்கு இறங்கும்வரை தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் விட்டேன். எல்லாம் இரண்டே நாளில். அப்புறம் நண்பரின் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) பார்த்தால், உண்மையில் இருந்தது 30.

மீன்கள் தாங்கிக்கொண்டன. நட்சத்திர மீன் தாங்காது. அதன் உடம்புக்குள் ஓடுவதே கிட்டத்தட்ட கடல்நீர்தான், வெளியே உப்பு குறைந்தால் உள்ளேயும் குறைந்துவிடும். புதிதாக வாங்கி வந்தாலே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைப் பழக்கித்தான் தொட்டியில் விடுவோம். பெரிய சிவப்பு நட்சத்திரம் கண்ணாடியில் பிடி விட்டு மணலில் மல்லாந்து விழுந்தது. காலையில் ஒரு கையின் நுனி வெள்ளையாகக் குழைந்திருந்தது, சாயங்காலம் அந்தக் கையே இல்லை. மற்ற இரண்டும் அதே வாரத்தில் போய்விட்டன.

உங்கள் ஆள் சனிக்கிழமை வரச் சொன்னதால் பெருங்குடி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இரண்டாம் சனி லீவாம், செக்யூரிட்டி கேட்டுக்குள்ளேயே விடவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் மீட்டரை டிஸ்டில்டு வாட்டரில் விட்டு, "ஜீரோ காட்டுது பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஜீரோவில் சரியாக இருக்கும் மீட்டர் 35இல் தப்பாகக் காட்டலாம் என்பது உங்கள் கம்பெனிக்கே தெரியாதா? 35 அளவுள்ள சோதனைக் கரைசலை பாட்டிலில் கையோடு கொண்டு போயிருந்தேன். அதைத் தொடக்கூட இல்லை. "ஸ்டார் மீன்தானே சார், மெரினாவுல போய் ரெண்டு பிடிச்சு விடுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

சொல்ல விட்டுப்போனது: மீட்டரின் நடு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு எர்ரரும் வருகிறது.

நட்சத்திர மீன்கள், வெளுத்துப்போன பவளங்கள் எல்லாம் சேர்த்தால் நஷ்டம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. மூன்று வருட உழைப்பு மொத்தமும் போச்சு. ஆனாலும் நான் கேட்பது இவ்வளவுதான்: மீட்டரை 35 கரைசலில் சோதித்து முடிவை எழுத்தில் கொடுங்கள், 6,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், அந்தக் கவுன்ட்டர்காரர் என் மகளிடம் வருத்தம் தெரிவிக்கட்டும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பில், ஃபோட்டோ, தேதி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி பெருங்குடிக்கு நான் வருவதாக இல்லை. உங்கள் ஆளே வந்து மீட்டரை வாங்கிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொளத்தூர், சென்னை