காயங்களுக்குக் கட்டுப் போட்ட கவிஞர்

லண்டன்,
நவம்பர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இரவுப் பணி வாரங்களில் வெயில் கண்ணில் படுவதே இல்லை.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் வாழ்க்கை வரலாறு ஒன்று வாங்கியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? படித்து முடித்துவிட்டேன். ஏமாற்றந்தான். ஃபேனி பிரான் மீது அவர் கொண்ட காதலுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்கிய ஆசிரியர், கைஸ் மருத்துவமனையில் அவர் கழித்த காலத்தை ஒன்றரைப் பக்கத்தில் தாண்டிவிடுகிறார். 1815 அக்டோபரில் மாணவராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே டிரஸ்ஸராகி, அதாவது அறுவை மருத்துவரின் உதவியாளராகி, ஈதர் மயக்க மருந்து வருவதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய அந்நாளில், அறுவை மேசையில் துடித்தவர்களின் அருகில் நின்று, அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டுப் போட்ட இருபது வயதுப் பையன் அவர். அவருக்கு வாய்த்த லூக்காஸ் என்ற அறுவை மருத்துவரோ கத்தி பிடிப்பதில் பேர் கெட்டவர். அக்காலத்துப் பாடக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. அதன் ஓரங்களில் பூக்களை வரைந்து வைத்திருக்கிறார். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் அது யாருடைய வரலாறு?

1818இல் ஒரு பத்திரிகை, கவிதையை விட்டுவிட்டுக் களிம்பும் மாத்திரையும் விற்கும் கடைக்கே திரும்பிப் போ என்று அவரை ஏசியது உண்மை. அத்தகைய விமர்சனங்களே அவர் உயிரைக் குடித்தன என்ற பழங்கதையை இந்த ஆசிரியரும் பாதி நம்புகிறார். தாயை 1810இலும், தாமே அருகிருந்து கவனித்த தம்பி டாமை 1818 டிசம்பரிலும் கொண்டுபோன காசநோய்தான் அவரையும் 25 வயதில் ரோமில் கொண்டுபோயிற்று.

எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. 1820 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு, ஹாம்ஸ்டெட் வீட்டில், இருமியபோது விரிப்பில் ஒரு துளி இரத்தம் விழுகிறது. நண்பர் பிரௌனிடம் மெழுகுவர்த்தி கேட்டு வாங்கி, அதை உற்றுப் பார்த்து, இது தமனி இரத்தம், இந்த நிறத்தில் நான் ஏமாறமாட்டேன் என்கிறார் கீட்ஸ். புத்தகம் இதைத் தம் சாவைப் பற்றிய கவிஞரின் முன்னுணர்வு என்கிறது. வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தால் போதும், அப்பா, அந்த நிறம் கண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

கைஸ் வளாகத்தில், பழைய லண்டன் பாலத்திலிருந்து கொண்டுவந்த கல்மாடத்துக்குள் வெண்கலக் கீட்ஸ் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார இடம் உண்டு. புதன்கிழமை அங்கே அமர்ந்துதான் புளியோதரை டப்பாவைத் திறந்தேன்.

ஒரு வேண்டுகோள். கீட்ஸின் நைட்டிங்கேல் பாட்டில், இளமை வெளிறி மெலிந்து மாய்வதைச் சொல்லும் வரிக்கு அருகே, ‘தம்பி டாம்’ என்று பென்சிலில் குறித்து வைத்திருப்பீர்களே, அந்தப் பழைய பாடநூலைக் கரையான் விட்டுவைத்திருந்தால் அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

தங்கள் அன்பு மகள்